வெள்ளிக்கிழமை நெட்டு

சேதுபதி பூட்டிவைக்காத பொருள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான், அது அவருடைய வாய் என்பாள் அழகம்மாள். பொய்யில்லை. கொல்லைக் கதவுக்குப் பூட்டு, தண்ணீர்த் தொட்டி மூடிக்குப் பூட்டு, சீனி டப்பா இருக்கிற அலமாரிக்குப் பூட்டு. திண்டுக்கல்லில் பிறந்து, நத்தம் ரோட்டில் முப்பது வருஷமாகப் பீரோ பட்டறை நடத்துகிற மனுஷன் வேறு எப்படி இருப்பார்? அரைஞாண் கயிற்றில் அவர் முடிந்து வைத்திருக்கிற சாவிக்கொத்தின் சத்தம் கேட்டே தெருவில் உள்ளவர்கள் மணி ஏழாகிவிட்டது என்று சொல்லுவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு, மகள் பானுப்ரியாவுக்காக, நெட்டு வந்து சேர்ந்தது. ஒரே பிள்ளை. படித்து முடித்துவிட்டுக் கோயம்புத்தூரில் ஒரு வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள், அந்தச் சாப்பாட்டைத் தின்று தின்று பாதியாக இளைத்து வந்தாள். இனி எந்த ஊருக்கும் போக மாட்டேன், வீட்டிலிருந்தே பார்க்கிற வேலையாகத் தேடிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். சென்னைக் கம்பெனி ஒன்றில், ஆஸ்பத்திரிக் கணக்குகளைக் கம்ப்யூட்டரில் சரிபார்க்கிற வேலை இருந்தது. லேப்டாப்பில் முகம் பார்த்துப் பேசி இன்டர்வியூ. அது கிடைத்தால் அம்மா கைச் சோறு. கிடைக்காவிட்டால் பெங்களூரில் சித்தி மகள் பார்த்து வைத்திருக்கிற வேலை, மறுபடியும் ஹாஸ்டல். மகள் மறுபடி ஊரை விட்டுப் போவதை நினைத்தாலே சேதுபதிக்குச் சோறு இறங்காது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அழகம்மாளுக்குத் தெரியும்.

ஹாலில் டிவிக்கு மேலே, கைக்கு எட்டாத உயரத்தில் மோடத்தை மாட்டிவிட்டுப் போனார் கேபிள்கார ரஹ்மத்துல்லா. நாலாம் நாளே பரண் வழியாக எலி வந்து வயரைக் கடித்துத் துப்பிவிட்டது. ரஹ்மத்துல்லா வந்து புது வயர் போட்டார். சேதுபதி சும்மா இருப்பாரா? அன்று சாயங்காலமே பட்டறையில் உட்கார்ந்து ஒரு பெட்டி செய்தார். இருபது கேஜ் தகடு. முனையெல்லாம் மடக்கி, வெல்டிங் வைத்து, பிசிறு தட்டாமல் ராவி, பின்பக்கம் வயர் நுழைய மட்டும் சின்ன ஓட்டை. கதவுக்கு மயில்கழுத்து நிறம் வேண்டும் என்று பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பினார். கதவு வருகிற வரைக்கும் பெட்டி திறந்த வாயோடு சுவரில் இருந்தது. அந்தப் பத்து நாளும் நெட்டு தங்கமாக ஓடியது.

"பெட்டி எதுக்குப்பா? மோடத்த யாரும் பொட்டிக்குள்ள வைக்க மாட்டாங்க" என்று பானு ஆரம்பத்தில் சொல்லத்தான் செய்தாள்.

"நல்லாத்தான தாயி ஓடுது? எலிக்கு ஒன்னோட இன்டர்வியூ தெரியுமா? அது பாட்டுக்கு வந்து கடிச்சி வச்சா என்ன பண்ணுவ?"

நன்றாக ஓடவும் அவளும் விட்டுவிட்டாள். ஆடி ஒண்ணாம் தேதி கதவு வந்தது. கீலை ஏற்றி, உள்பூட்டு வைத்து, சாவியைக் கொத்தில் கோத்துக்கொண்டார் சேதுபதி. அதே நாளில்தான் காற்றும் கிளம்பியது. திண்டுக்கல் ஆடிக் காற்று என்றால் சும்மா இல்லை. தகர ஷீட்டெல்லாம் தடதடவென்று அடிக்கும், தெருவில் நிற்கிற பைக்கைச் சாய்த்துவிடும், ஆற வைத்த சோற்றில் மண்ணள்ளிப் போடும்.

பிடித்தது சனி. லேப்டாப்பில் நெட்டு வரும், வட்டம் சுற்றும், போகும். மறுபடி வரும். பானு நடுஹாலுக்கு வந்தால் கொஞ்சம் வரும், தன் அறைக்குப் போனால் செத்துவிடும். முதல் இன்டர்வியூவில் பேர் சொன்னாள், படிப்பைச் சொன்னாள், அதோடு சரி. எதிரில் இருந்த மேடத்தின் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிட்டது.

"காத்துதான்" என்றார் சேதுபதி. "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாங்க. இந்த நூல் தண்டி வயர் எம்மாத்திரம்? அங்கிட்டு கம்பத்துல ஊஞ்சலாடிக்கிட்டு கெடக்கும்."

ரஹ்மத்துல்லா ஏணியோடு வந்தார். தெருக் கம்பத்தில் ஏறிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்தார். சேதுபதி பெருமையோடு சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்து காட்டினார்.

"அடேயப்பா! என்னண்ணே, மோடத்துக்கு லாக்கரே செஞ்சிட்டீங்க?"

"தட்டிப் பாருங்க பாய். சத்தம் எப்படி வருது பாத்தீங்களா? நம்ம தகடு."

ரஹ்மத்துல்லா தட்டிப் பார்த்து மெச்சினார். பெட்டிக்குக் கீழேயே நின்று தன் போனில் ஸ்பீடு பார்த்தார். "லைட்டு பச்சையா எரியிதுண்ணே. ஸ்பீடும் பிச்சிக்கிட்டுப் போகுது. லைன்ல ஒரு கொறையும் கெடையாது. பாப்பா, நீ ஒன் லேப்டாப்புல பாரும்மா."

பானு பார்த்தாள். குதிரையாய் ஓடியது. அழகம்மாள் காப்பி கொடுத்தாள். அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். சேதுபதி பெட்டியைப் பூட்டினார். அரை மணி நேரத்தில், "அப்பா, மறுபடி போச்சுப்பா" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

இதே கூத்து இன்னும் இரண்டு தடவை நடந்தது. மூன்றாம் தடவை சேதுபதி சொன்னார்: "நீங்க வந்தா வருது, நீங்க போனா போயிருது. பேசாம இங்கனயே தங்கிருங்க பாய்."

"தங்கலாம்ண்ணே, வீட்டுல ஆரிபா புருசனக் காணோம்னு தேடுவாளே." அவர் சிரித்தபடி சொன்னார். "எனக்கென்னமோ லேப்டாப்புலதான் கோளாறுன்னு தோணுது. வயர்ல நேரா சொருகிக்கலாம்னு பாத்தா, இந்தக் காலத்து லேப்டாப்புல அதுக்கு ஓட்டையே வைக்கல. வாஜித் கடையில ஒரு எட்டு காட்டுங்க."

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருக்கிற வாஜித், லேப்டாப்பை இரண்டு நாள் வைத்துக்கொண்டு உள்ளே இருந்ததையெல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றினான். வைஃபை கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினான். கடையில் அது படமென்ன, பாட்டென்ன, பிரமாதமாக ஓடிற்று. வீட்டுக்கு வந்ததும் வட்டம் சுற்றியது. இரண்டாம் இன்டர்வியூவும் அப்படியே போயிற்று. போன் நெட்டை வைத்துப் பேசலாமென்றால், அந்தத் தெருவுக்குள் செல்போன் கோபுரம் எட்டிப் பார்ப்பதில்லை. மொட்டை மாடிக்குப் போனால்தான் நாலு கோடு வரும். அன்றைக்குப் பானு பாதியில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மாடிக்கும் ஓடிப் பார்த்தாள். காற்று பேசுவது மட்டும்தான் கேட்கிறது, நீங்கள் பேசுவது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டார் அந்த மேடம்.

இதில் ஒரு அதிசயம். வெள்ளிக்கிழமை மட்டும் நெட்டு விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் ஒரு சொடக்கு நேரம் கூட விடாமல் வரும். பட்டறைக்காரர் வீட்டில் சோறு போடுகிற பொருளுக்கெல்லாம் வெள்ளிக்கிழமை பொட்டு வைக்கிற வழக்கம். டிரில்லிங் மிஷினுக்கு, பைக்குக்கு, அழகம்மாளின் தையல் மிஷினுக்கு. நாளைக்கு மகளுக்குச் சோறு போடப் போகிறதே என்று மோடத்துக்கும் சேர்த்துக்கொண்டாள் அவள். வெள்ளிக்கிழமை காலையில் புருஷனிடம் சாவி வாங்கிப் பெட்டியைத் திறப்பாள். சந்தனம், குங்குமம், சாம்பிராணி. கீலிடுக்கில் ஒரு கொத்து வேப்பிலையைச் சொருகிவிட்டால் கதவு காற்றில் அடிக்காமல் திறந்தே நிற்கும். பொழுது இறங்கியதும் மூடுவாள்.

"ஆடி வெள்ளி. அம்மன் அருள், வேற ஒண்ணுமில்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். படித்த பெண் பானுவுக்கே நம்பிக்கை வந்துவிட்டது என்றால் பாருங்கள். மூன்றாவது இன்டர்வியூவை வெள்ளிக்கிழமை வைக்க முடியுமா என்று கம்பெனிக்கு எழுதிக் கேட்டாள். முடியாது, புதன்கிழமை பதினொரு மணி, இதுதான் கடைசி என்று பதில் வந்தது.

புதன்கிழமை காலையில் அழகம்மாள் இட்டிலி அவித்துத் தக்காளிச் சட்னி அரைத்தாள். பானு ஒன்றரை இட்டிலிக்கு மேல் தொடவில்லை. சேதுபதி ஹாலுக்கும் வாசலுக்குமாக நடந்தார். பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். பூட்டு இழுத்தால் வருகிறதா என்று பார்த்தார்.

"ஏங்க, நீங்க பட்டறைக்குப் போறீங்களா இல்லையா?"

"இன்னிக்கு ஒருநா இருக்கேனே அழகு. புள்ளைக்கு ஒரு தெம்பா இருக்கும்ல."

"தெம்பா? பத்து மணியில இருந்து இருவது தடவ எட்டிப் பாத்தாச்சு. அவ பேசிக்கிட்டு இருக்கையில நீங்க சாவியக் கலகலன்னு ஆட்டிக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தா வெளங்கிரும். கெளம்புங்க சாமி. முடிஞ்சதும் போன் பண்றேன்."

"போங்கப்பா" என்றாள் பானுவும். "வந்தா வருது, வராட்டி பெங்களூரு. அம்புட்டுதான?"

அந்த 'அம்புட்டுதான' அவருக்கு நெஞ்சில் குத்தியது. சாவிக்கொத்தோடு பைக்கை எடுத்தார்.

பட்டறையில் மணிமாறன் ஒரு கல்யாணப் பீரோவை முடித்துச் சாத்தி வைத்திருந்தான். பதினைந்து வருஷமாக அவரோடு இருக்கிற வெல்டர். சேதுபதிக்குக் கையைச் சும்மா வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. சட்டையைக் கழற்றினார். ராவுகிற இரும்புத் தூள் போனுக்குள் போய்விடக் கூடாது என்று, சட்டையோடு போனையும் அந்தப் புதுப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார். எப்போதும் செய்கிற காரியம்தான். ஒரு கேட்டுக் கம்பியை எடுத்து ராவ ஆரம்பித்தார். மணி பதினொன்று ஆயிற்று. பத்து நிமிஷம் கழிந்தது.

"அண்ணே! அண்ணே, மிஷின நிப்பாட்டுங்க!" மணிமாறன் தன் போனை நீட்டினான். "அக்கா பேசுறாக. ஒங்களுக்கு எட்டுத் தடவ அடிச்சாகளாம்."

"எங்க போயித் தொலைஞ்சீங்க?" அழகம்மாள் மாடியில் நின்று கத்தினாள். அவளை விடக் காற்று பெரிதாகக் கத்தியது. "புள்ள அழுகுறா. ரெண்டு தடவ நின்னுபோச்சு. அந்தம்மா, கால் மணி நேரம் பாக்கேன், அதுக்குள்ள சரியாகலேன்னா விட்ருவோம்னு சொல்லிருச்சாம். அந்தப் பாயக் கூட்டிட்டு வாங்க!"

"எனக்கு அடிக்கவே இல்லையே அழகு!"

"எல்லைக்கு அப்பால இருக்கீகன்னு ஒருத்தி சொல்றா. எந்த எல்லைக்குப் போனீக?"

சேதுபதி ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்து போனை எடுத்தார். நாலு கோடு. நல்ல சிக்னல். பட்டறையை விட்டு நகரவே இல்லை, பிறகு எந்த எல்லை? போனைப் பார்த்தார். பீரோவைப் பார்த்தார். திரும்ப உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்.

"மணி, எனக்கு ஒரு போனைப் போடு."

"இந்தா நிக்கிறீகளேண்ணே?"

"போடுறா!"

போட்டான். காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "எல்லைக்கு அப்பால்ங்குதுண்ணே" என்றான். சேதுபதி கதவைத் திறந்தார். "இப்பப் போடு." போன் அவர் கையில் கணீரென்று அடித்தது.

அவ்வளவுதான். முப்பது வருஷம் தகட்டோடு குடித்தனம் நடத்திய மனுஷன் பீரோக் கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். கதவு வந்த நாள், காற்றுக் கிளம்பிய நாள், பாய் வந்தால் பெட்டியைத் திறந்தது, வெள்ளிக்கிழமை அழகு சாவி வாங்கியது, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. "அட மடப்பயலே" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார். "எம் புள்ள பொழப்புக்கு நானே பூட்டப் போட்டு, சாவிய இடுப்புல கட்டிக்கிட்டு ஊரெல்லாம் ஆள் தேடியிருக்கேனே!"

"யாரண்ணே சொல்றீக?" என்றான் மணிமாறன்.

சேதுபதி அதற்குள் வாசலுக்குப் போயிருந்தார். சட்டை கூடப் போடாமல், பனியனோடு பைக்கில் ஏறிவிட்டார். எதிர்க்காற்று. வண்டி முன்னால் போகிறதா, நின்ற இடத்திலேயே உறுமுகிறதா என்று தெரியவில்லை. கண்ணெல்லாம் மண். குள்ளனம்பட்டித் திருப்பத்தில் ஒரு தென்னை மட்டை பறந்து வந்து ரோட்டில் விழுந்தது. அதன் மேலேயே ஏற்றிக்கொண்டு போனார். வழியில் தெரிந்தவர் ஒருவர், "என்ன சேதுபதி, வெறும் பனியனோட?" என்று கேட்டார். "பொட்டியத் தெறக்கப் போறேன்" என்று கத்திவிட்டுப் போனார்.

வீட்டில் அழகம்மாள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். "பாய் எங்க?" என்று எழுந்தாள். அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு உள்ளே போனார். அறைக் கதவைத் திறந்து போட்டு, கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பானு உட்கார்ந்திருந்தாள். ஹாலுக்குப் பக்கத்தில் இருந்தாலாவது ஒரு துளி வராதா என்ற ஆசை. லேப்டாப்பில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அவளுடைய தோள் இரண்டும் தொங்கிப் போயிருந்தன. அதைப் பார்த்ததும் சேதுபதிக்கு அழுகையே வந்துவிட்டது.

மர ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். கொத்தில் அந்தச் சாவியைத் தேடிப் பிடித்து நுழைத்தார். திறந்தார். ஒரு நொடி, இரண்டு நொடி.

"பானுப்ரியா, இப்போ கேக்குதா?" என்றது லேப்டாப்.

"கேக்குது மேடம்! கேக்குது!" பானு நாற்காலியிலேயே ஒரு துள்ளு துள்ளினாள்.

வாசல் வழியாக ஒரு காற்று வந்தது. பெட்டிக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மேடம் பாதி வார்த்தையில் நின்றார். சேதுபதி பதறிப்போய்க் கதவை இழுத்துத் திறந்து, அதை ஒரு கையாலும் சுவரை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டார். மேடம் மீதி வார்த்தையைச் சொன்னார்.

அழகம்மாள் கீழே நின்று பெட்டியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், புருஷன் மூஞ்சியைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. "அப்ப வெள்ளிக்கெழம...?" என்று மூச்சுக் குரலில் கேட்டாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாராவாரம் தெறக்க வச்சுக் காட்டியிருக்கா ஆத்தா. நமக்குத்தான் புத்தியில ஏறல. அதெப்படிங்க, வெண்ணெயப் பூட்டி வச்சிக்கிட்டு நெய்க்கு அலஞ்சிருக்கீக?" சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "எறங்குங்க, வேப்பிலைக் கொத்து ஒண்ணு ஒடிச்சாரேன். சொருகுனா நிக்கும்."

"வேப்பிலையா?" அவரும் மூச்சுக் குரலில் சீறினார். "எம் புள்ள வாழ்க்கைய எலையில நிப்பாட்டச் சொல்றியா? போடி அங்கிட்டு."

"வாசக் கதவயாச்சும் சாத்துறேன்."

"சாத்துற சத்தம் உள்ள கேக்கும். ஒண்ணுஞ் செய்யாத. மூச்சு விடாத."

நின்றார். பத்து நிமிஷம் ஆயிற்று, இருபது ஆயிற்று. மேடம் கேட்பதும் பானு சொல்வதும் பாதிக்கு மேல் இங்கிலீஷ். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அறுபடாமல் வந்துகொண்டே இருந்தது. மகள் இப்படி நிறுத்தாமல், பயப்படாமல் பேசி அவர் கேட்டதே இல்லை. கோயம்புத்தூர் போவதற்கு முன்னால் பேசிய பேச்சு அது. கை மரத்துப் போயிற்று. மூக்கு நுனியில் வியர்வை வந்து நின்றது. துடைக்கக் கையில்லாமல் உதட்டைக் குவித்து ஊதிவிட்டுக்கொண்டார். அழகம்மாள் இன்னொரு நாற்காலியில் ஏறி முந்தானையால் துடைத்துவிட்டாள். கல்யாணமான புதிதில் துடைத்துவிட்டது, அதற்கப்புறம் இன்றைக்குத்தான்.

நாற்பது நிமிஷம் போயிருக்கும். மேடம் பேச்சை நிறுத்தினார். பிறகு தமிழில் கேட்டார்.

"பானுப்ரியா, ரொம்ப நேரமா கேக்கணும்னு நெனச்சேன். ஒங்க பின்னால, ஸ்டூல் மேல பனியன் போட்டு ஒருத்தர் நிக்கிறாரே. யாரு?"

பானு திரும்பிப் பார்த்தாள். அப்பாவையும், கதவைப் பிடித்திருக்கிற கையையும், பச்சை லைட்டையும் பார்த்தாள். வெளியே சொல்லாமலே அவளுக்கும் எல்லாம் புரிந்துபோயிற்று. கோபப்படலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். வரவில்லை.

"எங்கப்பா மேடம்" என்றாள். "நெட்டு போயிராமப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறாரு."

"எவ்வளவு நேரமா?"

"நாப்பது நிமிசமாச்சுங்க!" என்றாள் நாற்காலி மேலிருந்து அழகம்மாள்.

லேப்டாப்புக்குள் அந்த மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு ஹால் முழுக்கக் கேட்டது. "மொதல்ல அவரைக் கீழ எறங்கச் சொல்லுங்கம்மா. கை என்னத்துக்கு ஆகும்? வேலை ஒங்களுக்குத்தான்."

"அப்பா!" பானு கத்தினாள். "கெடச்சிருச்சுப்பா! மேடம் எறங்கச் சொல்றாங்கப்பா!"

சேதுபதிக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கையை மட்டும் எடுக்கவில்லை.

"நல்லாருக்கட்டும் தாயி அந்தம்மா. எறங்குறது இருக்கட்டும். என்ன வேலை, என்னைக்கு ஆரம்பிக்கணும், எல்லாத்தையும் முழுசா சொல்லி முடிக்கச் சொல்லு. நான் கைய எடுத்து, பாதியில நின்னுபோச்சுன்னா?"

மேடம் முழுசாகச் சொன்னார், தேதி உள்பட. ஆர்டர் சாயங்காலத்துக்குள் மெயிலில் வந்துவிடும் என்றும் சொல்லி, வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

"எறங்குங்க, சாப்புடலாம்" என்றாள் அழகம்மாள்.

"சோத்தப் பிசைஞ்சு இங்கனயே கொண்டா. மெயிலு வந்துரட்டும்" என்றார் சேதுபதி.